விமானத்தை மீட்கச் சட்டம் வந்தது. பயணியின் பணத்தை மீட்க எது வரும்?

2023 மே 2 அன்று கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம், தன்மீது திவால் நடவடிக்கை எடுக்குமாறு தானே கோரித் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியது. மறுநாள் முதல் அதன் விமானங்கள் பறக்கவில்லை. மூன்று நாள் நிறுத்தம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அந்த மூன்று நாள் இன்றுவரை முடியவில்லை. மே 4 அன்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பயணிகளின் பணத்தை விதிப்படி திருப்பித் தருமாறு நிறுவனத்திற்கு உத்தரவிட்டது. மே 10 அன்று தீர்ப்பாயம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை ஏற்றது. நிறுவனத்தின்மீது எவரும் வழக்குத் தொடரவோ, பெற்ற தீர்ப்பை நிறைவேற்றவோ கூடாது என்னும் தடை அன்றே அமலுக்கு வந்தது. பயணிக்கு ஆதரவான உத்தரவின் ஆயுள் ஆறு நாள்.

இந்தத் தடையால் இன்னொரு தரப்பாரும் மாட்டிக்கொண்டனர். கோ ஃபர்ஸ்டுக்கு விமானங்களை வாடகைக்கு விட்டிருந்த வெளிநாட்டுக் குத்தகை நிறுவனங்களே அவர்கள். தங்கள் விமானங்களை எடுத்துச் செல்ல முடியவில்லையே என்று அவர்கள் குரல் எழுப்பினர். இந்தியா நம்பத்தகாத நாடு என்று எச்சரித்தனர். அரசு செவிசாய்த்தது. 2023 அக்டோபர் 3 அன்று நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டு, விமானங்களையும் விமான இயந்திரங்களையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம், கோ ஃபர்ஸ்ட் வசமிருந்த 54 விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விமானப் பொருள்கள்மீதான உரிமைகளைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் ஒன்றையே நிறைவேற்றின. இனி எந்த விமான நிறுவனம் நொடித்தாலும், குத்தகைக்கு விட்டவர் அதிகபட்சம் இரண்டு மாதங்களில் தம் விமானத்தை மீட்டுக்கொள்ளலாம்.

ஐந்து மாதங்களில் ஓர் அறிவிக்கை. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு சட்டம். மூலதனம் கேட்டால் அரசு இயந்திரம் எவ்வளவு விரைவாக நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சரி, அதே நிறுவனத்திடம் முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கிய பயணிக்காக எத்தனை அறிவிக்கைகள் வந்தன? எத்தனை மசோதாக்கள் வந்தன? ஒன்றும் இல்லை. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்து விற்றுவிடுமாறு தீர்ப்பாயம் ஆணையிட்டபோது, பயணி வரிசையின் வாலில் நின்றுகொண்டிருந்தார்.

“இது நமது பிரச்சினையா, தோழர்?”

தில்லியில் நடந்த ஒரு கட்சி வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஓர் இளம் தோழர் எழுந்து கேட்டார்: “விமானத்தில் பறப்பவன் பணம் போனால் நமக்கென்ன தோழர்? விவசாயியின் கடனும் தொழிலாளியின் கூலியும் இருக்கும்போது, சுற்றுலாப் போகிறவனுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?”

அந்தக் கேள்வி நேர்மையானது. ஆனால் பிழையானது. வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் உத்தரப்பிரதேசத் தொழிலாளியும் பீகார்த் தொழிலாளியும் கேரளத் தொழிலாளியும் விமானத்தில்தான் செல்கின்றனர். கிழக்கு மாநிலங்களிலிருந்து வேலூருக்கும் மும்பைக்கும் மருத்துவம் தேடி வருவோர் முன்பதிவு செய்துதான் வருகின்றனர். ஓய்வுபெற்ற எழுத்தர் தம் வைப்புநிதியிலிருந்து ஒரு பங்கை எடுத்து, வாழ்நாளில் ஒருமுறை மனைவியுடன் வடநாட்டுத் தலங்களைப் பார்த்துவரப் பணம் கட்டுகிறார். உழைக்கும் மக்கள் ஊர் பார்க்கவும் ஓய்வெடுக்கவும் உரிமை உடையவர்கள் என்பது தொழிலாளர் இயக்கத்தின் பழைய முழக்கம். எட்டு மணி நேர ஓய்வு கேட்டுப் போராடியவர்கள், அந்த ஓய்வுக்காகச் சேமித்த பணம் கொள்ளைபோகும்போது வாயடைத்து நிற்கலாகாது.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். அஞ்சல் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் தமக்கும் மனைவிக்கும் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினார். முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். புறப்படும் நாளுக்குப் பத்து நாள் முன்பு அலுவலகத்தின் இரும்புக் கதவு இறக்கப்பட்டிருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தார், வெற்றியும் பெற்றார். தீர்ப்பை நிறைவேற்றச் சென்றபோதுதான் நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருப்பதாகச் சொன்னார்கள். வென்ற தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நகைப்பு இல்லை.

யார் கடன்காரர்?

கட்சி ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையில் எனக்கு எப்போதும் தொல்லை தரும் சொல் ‘கடன்காரர்’. நம் வழக்கில் கடன் வாங்கியவரும் கடன்காரரே, கொடுத்தவரும் கடன்காரரே. எந்தப் பக்கம் நிற்பவர் என்று இடம்பார்த்துத்தான் தெளிய வேண்டும். இந்தியத் திவால் சட்டத்தைப் படிக்கும்போது, குழப்பம் மொழியில் மட்டும் இல்லை என்பது புரிகிறது.

ஆறு மாதம் கழித்துச் செய்யப்போகும் பயணத்திற்கு இன்றே பணம் கட்டுகிறவர் உண்மையில் என்ன செய்கிறார்? நிறுவனத்திற்கு ஆறு மாதக் கடன் கொடுக்கிறார். வட்டி இல்லை, ஈடு இல்லை, ஒப்பந்தத்தில் பேரம் பேசும் வாய்ப்பும் இல்லை. அதே நிறுவனம் வங்கியில் கடன் கேட்டால் சொத்தை அடகு வைக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். பயணியிடம் கேட்டால் ஒரு விளம்பரம் போதும். ஊரடங்குக் காலத்தில் இது அப்பட்டமாக வெளிப்பட்டது. ரத்தான பயணங்களுக்கான பணத்தைத் திருப்பித் தராமல், ‘உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம், பிறகு பறந்துகொள்ளுங்கள்’ என்றன விமான நிறுவனங்கள். உச்சநீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. ஆனால் நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனங்கள் 2021 மார்ச் இறுதிவரை அந்த வரவுக்கணக்கு முறையைக் கையாளலாம் என்றும் இடமளித்தது. நெருக்கடியில் இருக்கும் முதலாளிக்கு நெருக்கடியில் இருக்கும் பயணி கடன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

வரிசையும் வாக்கும்

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் கடன் கொடுத்தவர்களை இரண்டு சாதியாகப் பிரித்தது. வங்கி முதலான நிதிக் கடன் கொடுத்தோர் ஒரு சாதி. பொருளோ சேவையோ வழங்கிப் பணம் வரவேண்டியோர் மற்றொரு சாதி. பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கொடுத்தவரும் இந்த இரண்டாம் சாதிதான் என்று உச்சநீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. நிறுவனத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் முதல் சாதிக்கே வாக்கு. இரண்டாம் சாதியின் மொத்தப் பாக்கி, நிறுவனத்தின் கடனில் குறைந்தது பத்து விழுக்காடு இருந்தால், அதன் பிரதிநிதி கூட்டத்திற்கு வரலாம், உட்கார்ந்து கேட்கலாம், வாக்களிக்க முடியாது.

பயணி தாமே முன்வந்து நிறுவனத்தைத் தீர்ப்பாயத்திற்கு இழுக்க முடியுமா? 2020 மார்ச் வரை அதற்குப் பாக்கித் தொகை ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் போதும். ஊரடங்கு அறிவிக்கப்பட்ட அதே நாளில் அந்த வரம்பு ஒரு கோடி ரூபாய் ஆக்கப்பட்டது. சிறு நிறுவனங்களைக் காப்பதற்காக என்றார்கள். ஊரடங்கு போய்விட்டது, ஒரு கோடி நின்றுவிட்டது. எந்தப் பயணி ஒரு கோடிக்குச் சீட்டு வாங்குகிறார்?

நிறுவனம் கலைக்கப்பட்டு விற்கப்படும்போது பணம் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்பதைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு. அடுத்து, தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளின் பாக்கியும் சமமாக. பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். பிறகு ஈடில்லா நிதிக் கடன். பிறகு அரசின் வரிப் பாக்கி. இவையெல்லாம் தீர்ந்த பின், ‘எஞ்சிய கடன்கள்’ என்று ஒரு வரி. அந்த ‘எஞ்சிய’ என்ற சொல்லுக்குள்தான் பயணி இருக்கிறார். அவருக்குப் பின்னே நிற்பவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பயணியை முன்னே கொண்டுவரத் தொழிலாளியைப் பின்னே தள்ள வேண்டும் என்பதல்ல நம் வாதம். ஜெட் ஏர்வேஸின் கதை நம் கண்முன் நிற்கிறது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்த விமானத்தோடு அந்த நிறுவனம் நின்றது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் சம்பளப் பாக்கியோடு வீதிக்கு வந்தனர். 2021இல் ஒரு மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டது. அது நிறைவேறவே இல்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டது. ஐந்தரை ஆண்டுகள்! அத்தனை காலமும் பணிக்கொடைக்கும் வைப்புநிதிக்கும் ஊழியர் வழக்கு நடத்தினர். பயணி எங்கே முறையிடுவது என்றே தெரியாமல் இருந்தார். இருவரையும் ஒரே கை ஏமாற்றியது. ஒருவரை மற்றவரோடு மோதவிடும் தீர்வு எதுவும் நமக்குத் தீர்வல்ல.

வழி சட்டத்திலேயே இருக்கிறது

மோதவிடாத தீர்வு உண்டா? உண்டு. அதே திவால் சட்டத்தின் 36ஆம் பிரிவு, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து, கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்தில் சேராது என்கிறது. அப்படியானால், பயணி கட்டிய முன்பணத்தைப் பயணம் முடியும்வரை தனி நம்பிக்கைக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றினால் போதும். அந்தப் பணம் வங்கியின் வாய்க்கும் போகாது. தொழிலாளியின் பங்கிலிருந்தும் எடுக்கப்படாது. வரிசையில் நிற்க வேண்டிய தேவையே பயணிக்கு இருக்காது.

‘நடைமுறைக்கு ஒவ்வாது’ என்று நிபுணர்கள் கைவிரிப்பார்கள். அவர்களுக்கு நான்கு சான்றுகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம். வீடு வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 விழுக்காட்டைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, கைப்பேசிப் பணப்பைகள். அவற்றில் மக்கள் போட்டு வைத்திருக்கும் தொகையை நிறுவனங்கள் தனிக் காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூன்றாவது, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, பிணைத்தொகை காட்டாமல் அவர்கள் உரிமம் பெற முடியாது. நான்காவதுதான் சுவையானது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அங்கீகாரம் பெறும் பயண முகவர், தாம் நொடித்தால் விமான நிறுவனங்களுக்கு நட்டம் வராதிருக்க வங்கி உத்தரவாதமோ அதற்கிணையான பிணையோ தர வேண்டும். முகவர் நொடித்தால் விமான நிறுவனத்திற்குக் காப்பு உண்டு. விமான நிறுவனம் நொடித்தால் பயணிக்குக் காப்பு இல்லை.

வீடு வாங்கியோருக்கும் இந்த உரிமை வானத்திலிருந்து விழவில்லை. பெருங்கட்டுநர்கள் நொடித்தபோது ஆயிரக்கணக்கானோர் வீதியில் நின்றனர், நீதிமன்றம் ஏறினர். 2018 ஜூனில் அவசரச் சட்டம் வந்தது. அவர்கள் நிதிக் கடன் கொடுத்தோராக ஏற்கப்பட்டனர். கடன் கொடுத்தோர் குழுவில் வாக்கு கிடைத்தது. 2019இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வீட்டுக்கு முன்பணம் கொடுத்தால் கடன், பயணத்திற்கு முன்பணம் கொடுத்தால் வெறும் ‘எஞ்சியது’ என்பதற்கு என்ன நியாயம்? திரண்டவர் பெற்றனர், திரளாதவர் இழந்தனர் என்பதே உண்மை.

அரசுக்குப் பயணியின் முன்பணம் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சுற்றுலாவிற்குப் பணம் கட்டும்போதே அதன்மீது வருமான வரியை வசூலிக்கும் முறையை 2020 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்தார்கள். விகிதங்கள் அவ்வப்போது மாறின, வசூல் மாறவில்லை. பணம் கைமாறும் அதே நொடியில் தன் பங்கை எடுத்துக்கொள்ளத் தெரிந்த அரசுக்கு, அதே நொடியில் எஞ்சிய தொகையைக் காக்கத் தெரியவில்லையாம்! சுற்றுலா அமைச்சகம் சுற்றுலா நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது; அதுவும் விரும்பினால் பெற்றுக்கொள்ளலாம் என்னும் வகையில்தான் இருக்கிறது.

பிற நாடுகள் செய்தது என்ன?

முதலாளித்துவத்தின் தாய்வீட்டையே பார்ப்போம். 1974 ஆகஸ்டில் பிரிட்டனில் கோர்ட் லைன் என்னும் சுற்றுலா நிறுவனம் கோடைப் பருவத்தின் நடுவே வீழ்ந்தது. பல்லாயிரக்கணக்கானோர் வெளிநாடுகளில் சிக்கினர். எழுந்த கொந்தளிப்பில் மறு ஆண்டே பயணிகளுக்கான காப்பு நிதி சட்டமாக்கப்பட்டது. இன்று அங்கே சுற்றுலாத் தொகுப்பு விற்கும் நிறுவனம் ஒவ்வொரு பயணிக்கும் இரண்டரை பவுண்டு அந்த நிதிக்குச் செலுத்துகிறது. 2019 செப்டம்பர் 23 அன்று, 178 ஆண்டு பழமையுடைய தாமஸ் குக் நிறுவனம் பிரிட்டனில் வீழ்ந்தபோது, அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் இரண்டு வாரங்களில் சுமார் 1,40,000 பேரைத் தாயகம் கொண்டுவந்து சேர்த்தது. (இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் 2012 முதலே வேறு உடைமையாளருக்கு உரியது.)

ஐரோப்பாவில் 1990ஆம் ஆண்டே சுற்றுலா நிறுவனங்கள் திவால் காப்பு வைத்திருக்க வேண்டும் என்று நெறியாணை வந்தது. ஜெர்மன் அரசு அதை உரிய காலத்தில் சட்டமாக்கவில்லை. 1993இல் நிறுவனங்கள் நொடித்துப் பணம் இழந்த பயணிகள் அரசின்மீதே வழக்குத் தொடுத்தனர். சட்டம் இயற்றத் தவறிய அரசே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 1996இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நம் ஆட்சியாளர் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். தாமஸ் குக் வீழ்ச்சியில் ஜெர்மனியின் காப்பீட்டு வரம்பு போதாமற்போகவே, 2021இல் அங்கே தனி நிதியம் அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் எஃப்.டி.ஐ. நிறுவனம் நொடித்தபோது அது கைகொடுத்தது.

இவற்றைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. விமானச் சீட்டை மட்டும் தனியே வாங்கியவருக்கு அங்கும் இந்தக் காப்பு பொதுவாக இல்லை. தாமஸ் குக் வீழ்ந்த அன்று பிரிட்டனில் மட்டும் சுமார் 9,000 தொழிலாளர் வேலை இழந்தனர். அவர்களைக் காக்க எந்த விமானமும் அனுப்பப்படவில்லை. மூலதனம் தானாக ஒரு காசும் தராது. கொந்தளிப்பு எழுந்த இடத்தில், எழுந்த அளவுக்கு மட்டுமே விட்டுக்கொடுக்கும் என்பதுதான் இந்த வரலாறு சொல்லும் பாடம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளட்டும்’ என்பார்கள். முதலாளியின் திவாலுக்குப் பயணி ஏன் தவணை கட்ட வேண்டும்? தீ வைத்தவன் வீட்டில் இருக்க, அண்டை வீட்டுக்காரன் தண்ணீர் சுமப்பதா?

‘சிறு முகவர்கள் நசிந்துபோவார்கள்’ என்பார்கள். இது கவனிக்க வேண்டிய மறுப்பு. நான்கு வேன்களை வைத்துக்கொண்டு புனிதப் பயணம் நடத்துபவரிடம் கோடி ரூபாய் உத்தரவாதம் கேட்டால், தொழில் முழுவதும் பெருநிறுவனங்களின் கைக்குப் போகும். ஆகவேதான் சிறியவர்களுக்கு வங்கி உத்தரவாதம் வேண்டாம், பயணி ஒருவருக்குச் சிறு தொகை வீதம் சேரும் பொது நிதியம் வேண்டும் என்கிறோம்.

‘முன்பணத்தைத் தொட முடியாவிட்டால் விமான நிறுவனம் நடத்தவே முடியாது’ என்பார்கள். இதுதான் அவர்களது உண்மையான வாதம். ஒப்புதல் வாக்குமூலமும் இதுவே. பயணியின் பணத்தில்தான் தொழில் நடக்கிறது என்றால், பயணி அந்தத் தொழிலுக்கு மூலதனம் தந்தவர். இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். அது உங்கள் பணம் இல்லை என்றால், தனியே வையுங்கள். அது உங்களுக்குத் தரப்பட்ட கடன் என்றால், கடன் கொடுத்தோர் குழுவில் பயணிக்கு நாற்காலியும் வாக்கும் கொடுங்கள். பணத்தைச் செலவழிக்கும்போது மூலதனம், திருப்பிக் கேட்கும்போது ‘எஞ்சியது’ என்னும் இரட்டை நாக்கு இனி வேண்டாம்.

நமது கோரிக்கைகள்

சுற்றுலா நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் பெறும் முன்பணம், பயணம் முடியும்வரை நம்பிக்கைக் கணக்கில் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு சட்டம் இயற்ற வேண்டும். சிறு நிறுவனங்களுக்காகவும், பாதி வழியில் சிக்கியோரை ஊர் சேர்ப்பதற்காகவும் பொதுத்துறையில் ஒரு காப்பு நிதியம் அமைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பைத் திவால் தடை முடக்கலாகாது. ஏற்கெனவே பணம் இழந்தோரை நிதிக் கடன் கொடுத்தோராக ஏற்று வாக்குரிமை தர வேண்டும். தொழிலாளரின் சம்பளம், பணிக்கொடை, வைப்புநிதிப் பாக்கி முழுவதும், வங்கிகளுக்குச் சமமாக அன்று, அவற்றுக்கு முன்பாகத் தரப்பட வேண்டும். இறுதிக் கோரிக்கை மற்றவற்றுக்குப் பின்னே வைக்கத்தக்கதன்று. அதைக் கைவிட்டுவிட்டு முன்னவற்றைப் பெறுவதில் நமக்கு விருப்பமில்லை.

தொழிற்சங்கத் தோழர்கள் இதில் முன்னிற்க வேண்டும். ஊதியமின்றி நிற்கும் விமான ஊழியரையும், சீட்டோடு நிற்கும் பயணியையும் ஒரே ஆர்ப்பாட்டத்தில் நிறுத்த நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை. வகுப்பில் கேள்வி கேட்ட அந்த இளம் தோழரை எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அழைத்துச் சென்றேன். அஞ்சல் துறைப் பெரியவர் தம் தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினார். தோழர் முழுவதையும் படித்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, உங்களைப் போல எத்தனை பேர்? பட்டியல் இருக்கிறதா?” அதுதான் சரியான கேள்வி. பட்டியல் எழுதும் வேலையை அன்றே தொடங்கினோம்.